எந்தத் தண்ணீருக்கு எந்தத் தொட்டி

சோலார் வாட்டர் ஹீட்டர் வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது, "எத்தனை டியூப்?" என்பதுதான். அடுத்து விலை. அதற்கடுத்து வாரன்டி. தொட்டியைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. மேலே பளபளவென்று கிடக்கும் உருளை, அதில் கேட்க என்ன இருக்கிறது என்ற நினைப்பு.

கண்ணாடிக் குழாய் ஒன்று உடைந்தால் சில நூறு ரூபாய்க்குப் புதிது வாங்கி, பிளம்பர் அரை மணி நேரத்தில் மாட்டிவிட்டுப் போய்விடுவார். உள்தொட்டியில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால் கதை வேறு. வெளித்தகட்டுக்கும் உள்தொட்டிக்கும் நடுவே நுரையை ஊற்றி இறுக வைத்திருப்பார்கள். கசிகிற தண்ணீர் அந்த நுரைக்குள் ஊறி ஓடி, ஓட்டைக்கு ஓர் அடி தள்ளி எங்காவது சொட்டும். இடத்தைக் கண்டுபிடித்தாலும் நுரையைச் சுரண்டி எடுக்காமல் வெல்டிங் வைக்க வழியில்லை. அரை மில்லிமீட்டர் தகட்டில் ஒட்டுப் போட்டால் பக்கத்திலேயே இன்னொன்று விழும். ஆகவே தொட்டியையே மாற்றச் சொல்வார்கள். அது கிட்டத்தட்ட புது ஹீட்டர் வாங்குகிற செலவு.

சூரிய வெந்நீரின் வரலாற்றிலும் தொட்டிதான் திருப்புமுனை. 1891-இல் அமெரிக்காவின் பால்டிமோரில் கிளாரன்ஸ் கெம்ப் காப்புரிமை பெற்ற 'கிளைமாக்ஸ்' ஹீட்டரில் தனித் தொட்டி கிடையாது. கண்ணாடி மூடிய பெட்டிக்குள் கறுப்பு உருளைகள், அவற்றுக்குள் தண்ணீர். மாலையில் நல்ல வெந்நீர் வரும். இரவில் அதே கண்ணாடி வழியே சூடு வெளியேறி, விடிந்ததும் பச்சைத் தண்ணீர். 1909-இல் கலிஃபோர்னியாவில் வில்லியம் பெய்லி சூடேறும் பகுதியையும் சேமிக்கும் பகுதியையும் பிரித்தார். வெப்பக் காப்பு சுற்றிய தொட்டியை மேலே தனியாக வைத்தார். 'டே அண்ட் நைட்' என்றே கம்பெனிக்குப் பெயர் வைத்து விற்றார். நம் மொட்டை மாடிகளில் இன்றைக்கு இருப்பதும் அடிப்படையில் அந்த ஏற்பாடுதான்.

முதலில் உங்கள் தண்ணீர்

கோவையில் ஒரே வீட்டில் இரண்டு குழாய் இருக்கும். ஒன்றில் சிறுவாணி, இன்னொன்றில் போர் தண்ணீர். சிறுவாணி வரும் தொட்டியிலிருந்து இணைத்தால் பல வருஷம் தொந்தரவில்லாமல் ஓடக்கூடிய அதே ஹீட்டர், போர் தண்ணீரில் இணைத்தால் சில வருஷத்திலேயே கசியத் தொடங்கலாம். கம்பெனி ஒன்று, மாடல் ஒன்று, வெயில் ஒன்று. மாறியது தண்ணீர் மட்டும். நம் வீடுகளில் குடிக்கவும் சமைக்கவும் நல்ல தண்ணீரை ஒதுக்கிவிட்டு, குளிக்கிற தண்ணீர் போர் தண்ணீராகவே இருப்பதால், ஹீட்டருக்குப் போவது பெரும்பாலும் மோசமான தண்ணீர்தான்.

இதில் இரண்டு எதிரிகள் உண்டு. இரண்டையும் 'உப்புத் தண்ணீர்' என்ற ஒரே பெயரில் சொல்லிவிடுவதால்தான் குழப்பம் வருகிறது. முதலாவது கடினத்தன்மை, அதாவது கால்சியம், மெக்னீசியம். சோப்பு நுரைக்காது, வாளியில் வெள்ளைக் கறை படியும். சூடேறும்போது, குறிப்பாக 60 டிகிரிக்கு மேல், இது சுண்ணாம்புப் படிவாகப் பிரிந்து கீழே இறங்கும், குழாயை அடைக்கும். இரண்டாவது குளோரைடு. இது படியாது, அடைக்காது, கண்ணுக்கும் தெரியாது. எவர்சில்வரின் மேல் இருக்கும் மெல்லிய பாதுகாப்புப் படலத்தைப் புள்ளி புள்ளியாக உடைத்து ஓட்டை போடுவது இதுதான்.

கையில் வைத்துப் பார்க்கும் டி.டி.எஸ். மீட்டர் இரண்டையும் பிரித்துச் சொல்லாது. மொத்தம் எவ்வளவு கரைந்திருக்கிறது என்பதை மட்டும் காட்டும். 1,200 என்று காட்டினால் அதில் கால்சியம் எவ்வளவு, குளோரைடு எவ்வளவு என்று தனியாகச் சோதித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களில் கட்டணம் கட்டினால் சோதித்துத் தருவார்கள். தனியார் ஆய்வகங்களும் இருக்கின்றன. மொத்தக் கடினத்தன்மை, குளோரைடு, பி.எச். இந்த மூன்று எண் போதும். குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500, குளோரைடுக்கு லிட்டருக்கு 250 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு வழியில்லாதபோது 1,000 வரையும் வைத்திருக்கிறது. கடினத்தன்மைக்கு அதே கணக்கு 200-உம் 600-உம். குடிக்கலாம் என்று அனுமதித்த தண்ணீரை உங்கள் தொட்டியும் தாங்கும் என்று நினைத்துவிடாதீர்கள். மனித வயிறு 304 எவர்சில்வரைவிட உறுதியானது.

"சாஃப்ட்னர் வைத்துவிட்டேன், இனிக் கவலையில்லை" என்பார்கள் சிலர். சாஃப்ட்னர் கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கும். படிவு நிற்கும், குழாய் அடைக்காது. குளோரைடு போட்டது போட்டபடி இருக்கும். சாஃப்ட்னருக்கு உப்புக் கரைசல் விட்டுப் புதுப்பித்தபின் சரியாக அலசாமல் விட்டால் குளோரைடு இன்னும் ஏறும். அதனால் சாஃப்ட்னர் இருக்கும் வீட்டிலும் தொட்டியின் உலோகத்தைப் பார்த்தே வாங்க வேண்டும்.

உலோகமும் பூச்சும்

நம் ஊரில் அதிகம் விற்பது 304 எவர்சில்வர் உள்தொட்டி. சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். குளிர்ந்த தண்ணீரில் லிட்டருக்கு 200 மில்லிகிராம் குளோரைடு வரை இது தாங்கும் என்பது துறையில் பொதுவாகச் சொல்லும் எல்லை. தண்ணீர் சூடாக ஆக அந்த எல்லை இறங்கிக்கொண்டே வரும். 60 டிகிரியைத் தாண்டினால் இன்னொரு தொல்லையும் சேரும். வெல்டிங்கிலும் வளைவிலும் இழுவிசை இருக்கும் இடங்களில் குளோரைடு மயிரிழை விரிசலை உண்டாக்கும். ஆற்றுத் தண்ணீர், மழைநீர், நகராட்சித் தண்ணீர் என்றால் 304 தாராளமாகப் போதும்; அதற்கு மேல் செலவழிப்பது வீண். குளோரைடு 100-ஐத் தாண்டும் போர் தண்ணீருக்கு நான் 304-ஐப் பரிந்துரைக்க மாட்டேன்.

அடுத்தது 316. இதில் கூடுதலாக 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் உண்டு. புள்ளி அரிப்பைத் தடுப்பது அதுதான். வாங்கினால் 316எல் வாங்குங்கள். 'எல்' என்றால் கார்பன் குறைவு, 0.03 சதவீதத்துக்கு மிகாது. வெல்டிங் சூட்டில் குரோமியமும் கார்பனும் சேர்ந்து, வெல்டிங்குக்குப் பக்கத்து உலோகம் பலவீனமாவது இதில் குறையும். தொட்டி கசியத் தொடங்குவது பெரும்பாலும் தகட்டின் நடுவில் இல்லை. வெல்டிங் ஓரத்திலும் மடிப்புகளிலும்தான். 444 என்று ஒரு வகையும் இருக்கிறது: நிக்கல் இல்லாமல் 18 சதவீதம் குரோமியமும் 2 சதவீதம் மாலிப்டினமும். மேலே சொன்ன மயிரிழை விரிசல் இதில் ஏறக்குறைய வராது. ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் வெந்நீர்த் தொட்டிக்கு வழக்கமான உலோகம். இங்கே தேடித்தான் வாங்க வேண்டும்.

இந்த இடத்தில் கடைகளில் நடக்கும் ஒரு வேடிக்கையைச் சொல்லியாக வேண்டும். விற்பனைக்காரத் தம்பி ஒரு காந்தத்தை எடுத்து உள்தகட்டில் வைப்பார். "பாருங்க சார், ஒட்டுதுங்களா? ஒட்டல. அப்ப ஒரிஜினல் 304-ங்க." வாங்க வந்தவர் கொஞ்சம் விவரமானவராக இருந்தால், "ஏந் தம்பி, 202-லயும் ஒட்டாதுங்களே?" என்று கேட்பார். பேச்சு உடனே டிஸ்கவுன்ட்டுக்குத் தாவிவிடும். 202 என்பது நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிய மலிவு வகை. அதிலும் காந்தம் ஒட்டாது, பார்வைக்கும் 304 மாதிரியே இருக்கும், சூடான உப்புத் தண்ணீரில் சீக்கிரம் போய்விடும். இன்னொரு பக்கம், உயர்ந்த வகையான 444-இல் காந்தம் நன்றாகவே ஒட்டும். காந்தத்தை நம்பினால் நல்லதை விட்டுவிட்டு மலிவானதை வாங்கிக்கொண்டு வருவோம். எவர்சில்வர் தகட்டு வியாபாரிகள் ஒரு சோதனைத் திரவமும் 9 வோல்ட் பேட்டரியும் வைத்திருப்பார்கள். ஒரு சொட்டு விட்டு பேட்டரியைத் தொடுவித்தால் 200 வரிசைத் தகடு நிறம் மாறிக் காட்டிக்கொடுத்துவிடும். கடைக்காரர் இதற்குச் சம்மதிக்கிறாரா என்பதே பாதிச் சோதனை.

போர் தண்ணீரை மட்டுமே நம்பியிருக்கும் வீடுகளுக்கு என் முதல் தேர்வு எவர்சில்வரே கிடையாது. கண்ணாடிப் பூச்சுத் தொட்டி. சாதாரண இரும்புத் தகட்டுத் தொட்டியின் உட்புறம் எனாமல் கலவையைப் பூசி, சுமார் 850 டிகிரியில் சூளையிட்டு, இரும்போடு ஒன்றாக உருக வைத்திருப்பார்கள். கடைகளில் 'கிளாஸ் லைன்டு' என்று கேட்க வேண்டும். குளோரைடு கண்ணாடியை ஒன்றும் செய்யாது. ஆனால் எந்தப் பூச்சும் நூற்றுக்கு நூறு முழுமையாக இருக்காது. எங்கோ ஓர் ஊசித்துளை, இணைப்பு வாயில் ஒரு கீறல். அந்த இடத்து இரும்பைக் காப்பாற்ற உள்ளே ஒரு மெக்னீசியம் கம்பி தொங்கும். ஆனோடு என்பார்கள். இரும்புக்கு முன்னால் மெக்னீசியம் கரைந்து, தன்னைக் கொடுத்துத் தொட்டியைக் காக்கும்.

இந்தக் கம்பியைப் பற்றித்தான் வாங்கும்போது யாரும் சொல்வதில்லை. ஒன்றிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கழற்றிப் பார்க்க வேண்டும். புதிதாக இருக்கும்போது கட்டைவிரல் தடிமனில் வழவழப்பாக இருப்பது, கரையக் கரைய ஆங்காங்கே குழி விழுந்து, கடைசியில் நடுவிலிருக்கும் கம்பி மட்டும் எலும்பாக நிற்கும். பாதிக்கு மேல் கரைந்திருந்தால் மாற்றிவிடுங்கள். இது மலிவான சாமான். இதை மறந்தால் போவது தொட்டி. சாஃப்ட்னர் தண்ணீரில் இன்னும் வேகமாகக் கரையும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஸ்டாண்டு போடும்போதே, கம்பியை முழு நீளத்துக்கு வெளியே இழுக்க இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆனோடு இருக்கும் பக்கத்தைச் சுவரை ஒட்டி வைத்துவிட்டு, பிறகு தொட்டியையே இறக்க வேண்டிய நிலைக்கு வந்த வீடுகள் உண்டு. சில போர் தண்ணீரில் இந்த மெக்னீசியத்தால் வெந்நீரில் அழுகிய முட்டை வாடை வரும். சல்பேட்டைத் தின்னும் பாக்டீரியாவின் வேலை அது. தொட்டியை ஒருமுறை 60 டிகிரிக்கு மேல் ஏற்றி வைத்தாலோ, அலுமினியம்-துத்தநாகக் கம்பிக்கு மாறினாலோ பெரும்பாலும் போய்விடும்.

மற்ற வகைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஜி.ஐ. தொட்டி, அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு, பழைய விடுதிகளில் இன்னும் கிடக்கும். 60 டிகிரிக்கு மேல் சில வகைத் தண்ணீரில் துத்தநாகம் காவல்காரன் வேலையை விட்டுவிட்டு, இரும்பையே அரிக்க வைக்கும். வெந்நீருக்கு வேண்டாம். எபாக்ஸி பூசிய இரும்புத் தொட்டி மலிவு. சூடேறி ஆறி, சூடேறி ஆறிப் பூச்சு உரிந்தால் அதோடு முடிந்தது. செம்புத் தொட்டி அருமையானது. விலை கேட்டால் பேச்சு நின்றுவிடும். பிளாஸ்டிக் உள்தொட்டி உப்பைப் பொருட்படுத்தாது, ஆனால் ஊருக்குப் போய் மே மாதத்தில் நாலு நாள் யாரும் வெந்நீர் எடுக்காவிட்டால் தண்ணீர் கொதிநிலையைத் தொடும். அந்தச் சூட்டைத் தாங்கும் என்று தயாரிப்பாளர் எழுதித் தந்தால் மட்டும் யோசியுங்கள்.

திறந்த தொட்டி, மூடிய தொட்டி

வீடுகளில் இருக்கும் கண்ணாடிக் குழாய் ஹீட்டர்களில் பெரும்பாலானவை திறந்த வகை. குழாய்கள் நேராகத் தொட்டிக்குள் செருகப்பட்டு, சிலிக்கான் வளையங்களால் அடைக்கப்பட்டிருக்கும். இந்த நேரடிச் செருகல் தொட்டிக்கு ஐ.எஸ். 16542 என்று தனித் தரமே உண்டு. ஓவர்ஹெட் தொட்டியிலிருந்து சில மீட்டர் உயரத்தில் இறங்கும் தண்ணீரின் அழுத்தத்துக்கு மேல் இது தாங்காது. 10 மீட்டர் உயரம் என்பது ஏறக்குறைய 1 பார் அழுத்தம். ஷவருக்காக வைக்கும் பிரஷர் பம்ப் 2, 3 பார் கொடுக்கும். பிரஷர் பம்புக்குப் பின்னால் திறந்த தொட்டியை இணைத்தால் வளையங்கள் பிதுங்கும், மொட்டை மாடி நனையும். பம்ப் வேண்டுமென்றால் அதை வெந்நீர் வெளிவரும் பக்கத்தில், சூட்டைத் தாங்கும் வகையாகப் பார்த்து வையுங்கள். இல்லாவிட்டால் மூடிய தொட்டிக்குப் போங்கள்.

திறந்த தொட்டிக்கு உயிர்நாடி அதன் ஏர் வென்ட். மேலே நீட்டிக்கொண்டிருக்கும் அந்த மெல்லிய குழாயில் காக்கை உட்கார்கிறது, தூசி விழுகிறது, ஆவி போகிறது என்று மூடி போட்டு அடைத்துவிடுகிறவர்கள் உண்டு. சூடேறி ஆவி சேர்ந்தால் வெளியேற வழி வேண்டும். அதற்கும் மேலாக, தொட்டி காலியாகும்போது காற்று உள்ளே வர வழி வேண்டும். கீழ்வீட்டில் குழாயைத் திறந்ததும் தண்ணீர் வேகமாக இறங்கும். மேலே வென்ட் அடைத்திருந்தால் உள்ளே வெற்றிடம் உண்டாகி, அரை மில்லிமீட்டர் உள்தகடு படாரென்று உள்வாங்கி நசுங்கிவிடும். வெளித்தகடு பளபளப்பாக அப்படியே இருக்கும், உள்ளே தொட்டி செத்துப் போயிருக்கும். ஓவர்ஹெட் தொட்டியிலிருந்து நேரடியாகத் தண்ணீர் வருகிறதென்றால், வென்ட்டின் வாய் அந்தத் தொட்டியின் நிறைமட்டத்துக்கு மேலே நிற்க வேண்டும். கீழே இருந்தால் வென்ட் வழியாகத் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கும். அதைப் பார்த்துத்தான் பலர் அடைக்கிறார்கள்.

மூடிய தொட்டி அழுத்தத்துக்கென்றே கட்டப்பட்டது. தகடு தடிமனாக, இரு முனையும் குவிந்திருக்கும். கண்ணாடிக் குழாய்களுக்குள் செம்பு ஹீட் பைப் இருக்கும். அதன் நுனி மட்டும் தொட்டியில் உள்ள உலர்ந்த பையில் செருகியிருக்கும். தண்ணீர் கண்ணாடிக்குள்ளேயே போகாது. குரங்கு தாவி ஒரு குழாயை உடைத்தாலும் வெந்நீர் நிற்காது. இந்த ஏற்பாட்டில் தண்ணீர் விரிவதற்கு மட்டும் வழி செய்ய வேண்டும். 200 லிட்டர் தண்ணீர் 25-லிருந்து 60 டிகிரிக்குச் சூடேறும்போது ஏறத்தாழ 3 லிட்டர் பெருகும். குளிர்நீர்ப் பக்கம் நான்-ரிட்டர்ன் வால்வு இருந்தால் அந்த 3 லிட்டருக்குப் போக்கிடம் கிடையாது. ஆகவே சேஃப்டி வால்வும் விரிவுக் கலனும் கட்டாயம். சேஃப்டி வால்வு அவ்வப்போது சொட்டுவது இயல்பு. சொட்டுகிறதே என்று பிளக் போட்டு அடைத்தால் மொட்டை மாடியில் ஒரு கொதிகலன் ஆபத்தோடு குடியிருக்கிறீர்கள்.

தொட்டிக்குள் தொட்டி

ஊட்டியில் டிசம்பர், ஜனவரி இரவுகளில் தலைக்குந்தா போன்ற பள்ளங்களில் புல் மேல் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும். செம்புக் குழாய் உள்ள தட்டைத் தகடு ஹீட்டரில் நேரடியாகத் தண்ணீர் ஓடினால், அப்படி ஓர் இரவு போதும். உறைந்து விரிந்து செம்பைக் கிழித்துவிடும். இதற்காக வந்தது மறைமுகத் தொட்டி. உள்தொட்டியைச் சுற்றி மெல்லிய உறையாக இன்னொரு அறை. அதில் உறையாத திரவம், பொதுவாகப் புரோப்பிலீன் கிளைக்கால் கலந்த தண்ணீர். வெயிலில் சூடேறுவது அது. அது தன் சூட்டைச் சுவர் வழியாக உள்ளே இருக்கும் குளியல் தண்ணீருக்குத் தரும். உறைக்குப் பதிலாகத் தொட்டிக்குள் சுருள் குழாய் வைப்பதும் உண்டு. ஒரு சுவரைத் தாண்டி வருவதால் சூடு கொஞ்சம் குறையும், விலை கூடும்.

கடினமான போர் தண்ணீர் உள்ள சமவெளி ஊர்களுக்கும் தட்டைத் தகடு வகைக்கு இதே தொட்டிதான் சரி. நேரடி வகையில் அரை அங்குலச் செம்புக் குழாய்களுக்குள் சுண்ணாம்பு படிந்து ஓட்டம் நின்றுபோகும். உறைத்தொட்டியில் அந்தக் குழாய்களில் ஓடுவது ஒரே திரவம், திரும்பத் திரும்ப. படிய ஒன்றுமில்லை. படிவு தொட்டிக்குள் இறங்கும். அதை அவ்வப்போது வடித்துக்கொள்ளலாம். ஆனால் குளோரைடு இங்கேயும் உள்தொட்டியைத் தொட்டுக்கொண்டேதான் இருக்கும். உறைத்தொட்டி என்பதற்காக உலோகத்தில் சமரசம் செய்துகொள்ளக் கூடாது.

சூட்டைக் காப்பது

நடுவில் ஊற்றும் நுரைக்குக் கடைக்காரர்கள் பஃப் என்பார்கள். பாலியூரித்தேன். 50 மில்லிமீட்டர் தடிமனுக்குக் குறையாமல் கேளுங்கள். ஏன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. 40 செ.மீ. விட்டமும் 160 செ.மீ. நீளமும் உள்ள உருளையில் 200 லிட்டர் பிடிக்கும். அதன் மொத்தப் பரப்பு சுமார் 2.26 சதுர மீட்டர். உள்ளே 65 டிகிரி, வெளியே 25 என்றால், 50 மி.மீ. நுரை வழியாக ஏறத்தாழ 40 வாட் கசியும். மாலை 6 மணியிலிருந்து காலை 6 வரை அரை யூனிட். தண்ணீர் இறங்குவது 2 டிகிரிதான். நுரை 25 மி.மீ. ஆனால் 4 டிகிரி. இணைப்பு வாய்களும் குழாய்ச் செருகல்களும் இந்தக் கணக்கில் வராத ஓட்டைகள். அவற்றையும் சேர்த்து நல்ல தொட்டியில் ஓர் இரவுக்கு 4, 5 டிகிரி குறைந்தால் சகஜம். காலையில் 10, 15 டிகிரி குறைந்திருந்தால் நுரை நனைந்திருக்கிறது, அல்லது ஊற்றும்போது உள்ளே பொந்து விட்டிருக்கிறார்கள், அல்லது இரவில் சூடு குழாய் வழியே பின்னோக்கி ஓடுகிறது. கடைசிக் காரணம் தட்டைத் தகடு வகையில் சாதாரணம். தொட்டியின் அடிப்பகுதி தகட்டின் மேல்விளிம்புக்குக் குறைந்தது ஓர் அடி உயரத்தில் இருந்தால் வராது. பொந்து இருக்கிறதா என்று பார்க்க, வாங்குமுன் வெளித்தகட்டை விரலால் தட்டிக்கொண்டே போங்கள். நிறைந்த இடத்தில் மொத்தென்றும் பொந்தில் டங்கென்றும் கேட்கும்.

வெளித்தகடு வெறும் அழகுக்கு இல்லை. சென்னை, கடலூர், நாகப்பட்டினம், தூத்துக்குடி என்று கடற்காற்று அடிக்கும் ஊர்களில் மெல்லிய பவுடர் கோட்டிங் உள்ள இரும்புத் தகடு கீறல் விழுந்த இடத்திலிருந்து துருப்பிடித்துத் தோல் உரியும். துளை வழியாக மழை நுரைக்குள் இறங்கினால் காப்பு அதோடு போயிற்று. அங்கே அலுமினியமோ ஃபைபரோ பொருத்தம். ஸ்டாண்டும் அதேபோல.

எவ்வளவு பெரியது, எப்படிக் கிடக்க வேண்டும்

நாலு பேருக்கு 100 லிட்டர் என்று கடையில் சொல்வது சமவெளிக்குச் சரிதான். 60 டிகிரி வெந்நீரை 25 டிகிரித் தண்ணீரோடு விளாவி 40 டிகிரிக்குக் கொண்டுவந்தால், 20 லிட்டர் வாளிக்கு 8.5 லிட்டர் வெந்நீர் போதும். 100 லிட்டரில் பதினொரு வாளிக்கு மேல் கிடைக்கும். ஊட்டியில் குழாய்த் தண்ணீர் 12 டிகிரி என்றால் வாளிக்குக் கிட்டத்தட்ட 12 லிட்டர் வேண்டும். எட்டு வாளிதான் தேறும். அங்கே 25-லிருந்து 60-க்கு என்றிருந்தது 12-லிருந்து 60 ஆகிவிடுவதால், சூடேற்றத் தேவைப்படும் ஆற்றலும் 100 லிட்டருக்கு சுமார் 4 யூனிட்டிலிருந்து 5.6 ஆகிறது. ஆகவே மலையில் தொட்டியை மட்டும் பெரிதாக்கினால் போதாது, குழாய்களையும் கூட்ட வேண்டும். தொட்டி பெரிது, குழாய் குறைவு என்றால் நாள் முழுக்க வெதுவெதுப்பான தண்ணீர்தான் கிடைக்கும்.

சூடான தண்ணீர் மேலே நிற்கும், குளிர்ந்தது கீழே. இந்த அடுக்கு கலையாமல் இருந்தால் பாதித் தொட்டி தீர்ந்த பிறகும் மேலே எடுக்கும் தண்ணீர் சூடாகவே வரும். நின்ற தொட்டியில் இது நன்றாக நிற்கும். படுத்த தொட்டியில் உயரம் குறைவு என்பதால் சீக்கிரம் கலந்துவிடும். வீட்டு ஹீட்டர்களில் குழாய்களை வரிசையாகச் செருக வேண்டியிருப்பதால் படுத்த தொட்டிதான் கிடைக்கும். அதில் பெரிய நஷ்டம் இல்லை, குளிர்நீர் உள்ளே வரும் வாயில் ஒரு தடுப்புத் தகடு இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். விடுதி, மருத்துவமனை, ஓட்டல் என்றால் நின்ற தொட்டியே சரி. ஒரே பெரிய தொட்டிக்குப் பதில் இரண்டு: முதல் தொட்டியில் வெயில் சூடேற்றட்டும், அதிலிருந்து இரண்டாவதுக்குப் போய், குறைகிற டிகிரியை மட்டும் கரண்டோ கேஸோ கொடுக்கட்டும். நோயாளிகள் இருக்கும் இடத்தில் சேமிக்கும் தண்ணீர் 60 டிகிரிக்குக் குறையாமல் பார்த்துக்கொள்வது அவசியம். வெதுவெதுப்பான தண்ணீர் தேங்கினால் லெஜியோனெல்லா கிருமி வளரும்.

மழை நாளுக்கென்று தொட்டிக்குள் வைக்கும் 2 கிலோவாட் காயில் எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். அடியில் இருந்தால் முழுத் தொட்டியும் கரண்டில் சூடாகும். அடுத்த நாள் வெயில் வந்தாலும் வெயிலுக்கு வேலை இருக்காது. நடுவுக்குக் கொஞ்சம் மேலே இருந்தால் தேவையான மேல்பாதி மட்டும் சூடாகும். ராத்திரியே போட்டுவிட்டுத் தூங்காமல், விடியற்காலையில் போடுங்கள். மொட்டை மாடியில் தண்ணீருக்குள் மின்சாரம் என்பதால் எர்த்தும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் இல்லாமல் இணைப்புக் கொடுக்க விடாதீர்கள். கடினத் தண்ணீரில் காயில் மேல் சுண்ணாம்பு தடித்துத் தானே எரிந்துபோகும். வருஷம் ஒருமுறை கழற்றிச் சுரண்ட வேண்டியது அதையும்தான்.

மேலே ஏற்றும் முன்

200 லிட்டர் தொட்டி நிறைந்தால் தண்ணீரே 200 கிலோ. தொட்டி, குழாய், ஸ்டாண்டு சேர்த்தால் அதற்கும் மேல். பீம் அல்லது சுவர் வரும் இடத்துக்கு மேல் கால்கள் வரட்டும். தட்டோட்டை உடைத்து போல்ட் அடிக்காமல், சின்னக் கான்கிரீட் மேடை கட்டி அதில் நிறுத்தினால் மழைக்காலத்தில் தளம் ஒழுகாது. முதல்முறை தண்ணீர் நிரப்புவது காலையிலோ மாலையிலோ இருக்கட்டும். நடுவெயிலில் காய்ந்து கிடக்கும் குழாய்க்குள் பச்சைத் தண்ணீரை விட்டால் கண்ணாடி அங்கேயே விரியும். தொட்டியின் அடியில் வடிகால் வால்வு வைக்கச் சொல்லுங்கள். பல பிளம்பர்கள் அதை விட்டுவிடுவார்கள். போர் தண்ணீர் வீடுகளில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதைத் திறந்து, மண்ணும் சுண்ணாம்பும் போய்த் தெளிந்த தண்ணீர் வரும்வரை விட வேண்டும். அடியில் சேரும் அந்த வண்டலுக்குக் கீழேதான் எவர்சில்வரில் புள்ளி அரிப்பு முதலில் தொடங்கும்.

பில்லில் '200 லிட்டர் சோலார் சிஸ்டம் - 1' என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளாதீர்கள். உள்தொட்டியின் உலோக வகை, தகட்டின் தடிமன், நுரையின் தடிமன், திறந்த வகையா மூடிய வகையா, எத்தனை பார் தாங்கும், கண்ணாடிப் பூச்சு என்றால் ஆனோடின் நீளமும் விட்டமும், இவற்றை எழுதி வாங்குங்கள். வாரன்டி அட்டையின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில், தண்ணீரின் டி.டி.எஸ். அல்லது குளோரைடு இந்த அளவைத் தாண்டினால் வாரன்டி செல்லாது என்று ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். ஆய்வகத் தாளை எடுத்துக்கொண்டு போய், அந்த வரியோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.